ஈஸ்ட் ஹாமில் ஹாகிஸ் வேட்டை

லண்டனில் இருக்கும் எட்டு நாளும் நான் யாரையும் திருத்தக் கூடாது. என் மகன் செந்தில் போட்ட நிபந்தனை இது. விமான நிலையத்தில் என் பெட்டியை வாங்கிக்கொண்டதும் அவன் பேசிய முதல் பேச்சே அதுதான்.

“அம்மா, ஒரு வாரத்துக்கு டீச்சரா இருக்காதீங்க. தர்ஷினியோட அப்பா என்ன சொன்னாலும் சரின்னு கேட்டுக்கங்க.”

நான் மதுரையில் இருபத்தெட்டு வருஷமாக விலங்கியல் நடத்துகிறவள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் திமிங்கிலத்தை மீன் என்று சொன்னபோது, வகுப்பின் முன்னாலேயே அவரைத் திருத்தி அனுப்பியவள். ஆனாலும் தலையாட்டினேன். பிள்ளையின் கல்யாண விஷயம்.

தர்ஷினி ஈஸ்ட் ஹாமில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். மருந்தாளுநர் வேலை. அவளும் செந்திலும் தங்களுக்குள் முடிவு செய்து ஒரு வருஷம் ஆகிறது. அப்பா சம்மதிக்காமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். அப்பா யோகநாதனோ, முதலில் பையனின் தாயைப் பார்க்க வேண்டும், பிறகுதான் பதில் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் பெண் பார்க்கப் போவார்கள். நான் என்னைக் காட்டுவதற்காக விமானம் ஏறியிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி என்பதால் தனியாக, பொங்கல் விடுமுறையோடு லீவைச் சேர்த்துக்கொண்டு போனேன்.

செந்தில் பக்கத்து ஏரியாவான ஃபாரஸ்ட் கேட்டில் இரண்டு நண்பர்களோடு ஒரு அறையில் இருக்கிறான். அதில் என் பெட்டியை வைத்தால் நான் நிற்க இடமில்லை. அதனால் யோகநாதன் தன் வீட்டிலேயே தங்கச் சொன்னார். கீழே அவருடைய மளிகைக் கடை, மாடியில் வீடு, அதற்கும் மேலே எனக்கு ஒரு சின்ன அறை. சம்மதம் ஆகுமுன் பெண் வீட்டில் கை நனைக்கலாமா என்று என் வீட்டுக்காரர் போனில் இழுத்தார். வெளியே இரண்டு டிகிரி குளிர். கை நனைக்காமல் இருந்தால் விறைத்துப்போயிருப்பேன்.

கடையில் மதுரையில் கிடைக்காத அளவுக்கு நேரான முருங்கைக்காய் இருந்தது. பொங்கலுக்கு வந்து விற்காமல் நின்ற நாலு கரும்பு வாசலில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தன. முதல் நாள் இரவுச் சாப்பாடு இடியப்பம், சொதி, சம்பல். யோகநாதனின் மனைவி வதனி அக்கா நான் போதும் போதும் என்னும்போதெல்லாம் இரண்டு இடியப்பம் வைத்தார். யோகநாதன் அதிகம் பேசாத, மீசை நரைத்த மனிதர். பாதிச் சாப்பாட்டில்தான் வாயைத் திறந்தார்.

“ரீச்சர், நீங்கள் மிருகங்களைப் பற்றிப் படிப்பிக்கிறனீங்கள் எண்டு பிள்ளை சொன்னவள். ஹாகிஸைப் பற்றியும் சொல்லிக் குடுக்கிறனீங்களோ?”

அவர்கள் வாயில் டீச்சர் ரீச்சர்தான். நான் திருத்தவில்லை. ஹாகிஸ் என்றால் என்ன என்று கேட்டேன்.

“ஸ்கொட்லண்ட் மலையிலை இருக்கிற சீவன். ஒரு முயலளவு வரும். உடம்பு முழுக்கச் சடை. இடப்பக்கக் கால் ரெண்டும் கட்டை, வலப்பக்கம் ரெண்டும் நெட்டை. அதாலை மலையைச் சுத்தி ஒரே பக்கமாத்தான் ஓட ஏலும். மற்றப் பக்கம் திரும்பினா உருண்டு விழுந்திடும்.”

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தரைவாழ் விலங்குகளின் உடல் சமச்சீர் பற்றி ஒரு பாடமே நடத்தியிருப்பேன். செந்திலை நினைத்துச் சொதியை விழுங்கினேன்.

“எல்லாமே ஒரே பக்கம்தான் ஓடுமாங்க?”

“இல்லை. வலப்பக்கம் கட்டையான இனமும் இருக்கு. ரெண்டும் எதிரெதிரா வந்தா ஒண்டுக்கொண்டு வழி விடாதுகள். அதாலைதான் இனம் குறைஞ்சு போச்சு.”

“நீங்க பாத்திருக்கீங்களா?”

“நான் வந்த புதுசிலை மூண்டு வருசம் கிளாஸ்கோவிலை இருந்தனான். பிடிக்கவும் போனனான். ஒண்டும் அம்பிடேல்லை.”

அவர் முகத்தில் ஒரு தசை ஆடவில்லை. தர்ஷினி தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தாள். அடக்கமான பெண் என்று மனசுக்குள் மதிப்பெண் போட்டேன். வதனி அக்கா அவசரமாகச் சம்பல் எடுக்க உள்ளே போனார். சம்பல் மேசையிலேயே இருந்தது.

அறைக்கு வந்ததும் யோசித்தேன். என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் வியாதி. ஒரு விஷயத்தை நம்ப முடியவில்லை என்றால் நம்புவதற்குக் காரணம் தேடத் தொடங்கிவிடுவோம். வாத்தின் அலகோடு முட்டையிடும் பாலூட்டியை முதலில் யார் நம்பினார்கள்? ஒரு வகை நண்டுக்கு ஒரு கை பெரிதாகவும் மறு கை சிறிதாகவும் இல்லையா? செங்குத்தான மலை, மேட்டுப் பக்கம் குட்டைக் கால், சரிவுப் பக்கம் நெட்டைக் கால். தகவமைப்பு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. இதையெல்லாம் எழுதி, எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் எழுந்தால் குழுவில் நாற்பது செய்தி. தலைமையாசிரியை அதைக் காலைக் கூட்டத்தில் வாசித்துவிட்டாராம். உடற்கல்வி ஆசிரியர் ஆறாம் வகுப்பை ஒரு கால் மடக்கிக் கொடிக்கம்பத்தைச் சுற்றி ஓட விட்டிருந்தார். படமும் வந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை மத்தியானம் வரைதான். செந்தில் என்னை ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனான். எங்கள் ஊரில் கடைக்குப் போனால் கடைக்காரர் இருப்பார். இங்கே பொருள்தான் இருக்கிறது, ஆள் எங்கேயோ. குளிர்பெட்டி ஒன்றில் பழுப்பு நிறத்தில், சின்னத் தேங்காய் அளவில் உருண்டை உருண்டையாக அடுக்கி, மேலே ஹாகிஸ் என்று எழுதியிருந்தார்கள். மாசக் கடைசியில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஒரு விருந்து நாள் உண்டாம், அதற்காக வந்து இறங்கியிருக்கிறது. பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்த வெள்ளைத் தாடிக்காரரிடம், இது வளர்ப்பா, வேட்டையாடியதா என்று என் இங்கிலீஷில் கேட்டேன்.

அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். “இந்த வாரம் மலையில் பனி, அம்மா. வேட்டை சரியில்லை. இதெல்லாம் மெதுவாக ஓடும் கிழடுகள்,” என்றார்.

செந்தில் பால் இருந்த பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கினான். அழுகிறானோ என்று பயந்துபோய்ப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தான். பேச முடியாமல் பொட்டலத்தின் பின்பக்கத்தைக் காட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல், கொழுப்பு, ஓட்ஸ், வெங்காயம், மிளகு. செந்தில் விளக்கினான்: முன்காலத்தில் ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து வேக வைப்பார்களாம். விலங்கு என்று சொல்வது அந்த நாட்டுக்காரர்கள் வெளியூர்க்காரனிடம் விடும் பழைய கதையாம்.

தாடிக்காரர் தொப்பியைத் தொட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

மாடியறைக்கு வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆட்டின் குடல், இரைப்பை சமாசாரத்தை எங்கள் பக்கம் போட்டி என்போம். மதுரையில் ஓட்டல் பலகையிலேயே போட்டி வறுவல் என்றுதான் எழுதியிருக்கும். ஓட்டப் போட்டிக்கும் அதே சொல்தான், ஆனால் எங்களில் யாரும் இதுவரை குழம்பியதில்லை.

“ஏங்க, அந்த ஹாகிஸ் மிருகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் போட்டி. இதுக்குத்தான் அந்த மனுஷன் அவ்வளவு பெருசா பேசிட்டிருந்தாரு. மதுரையில நான் பாக்காத போட்டியா? நம்ம போட்டிக்கு முன்னாடி இவங்கள்லாம் எந்த மூலைக்கு? ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள ஒரு கை பாத்துட்டுத்தான் வருவேன்.”

கோபம் எல்லாம் யோகநாதன் மேல் இல்லை, ஆறாம் வகுப்பை ஓட விட்ட என் மேல்தான். அதனால் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். பேசிவிட்டுக் கதவைத் திறந்தால் படியில் ஒரு கோப்பைத் தேநீர், இரண்டு பிஸ்கட். வதனி அக்கா வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று எடுத்துக் குடித்தேன். சூடு சரியாக இருந்தது.

மறுநாள் வீட்டுக்குள்ளும் குளிர் அடித்தது. யோகநாதன் என்னிடம் “ஓம்”, “இல்லை” என்பதற்கு மேல் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்து கடைக்கு இறங்கிவிட்டார். தர்ஷினியின் கண் சிவந்திருந்தது. சாயங்காலம் செந்தில் போன் செய்தான்.

“அம்மா, என்ன செஞ்சீங்க? அவங்க அப்பா ‘யோசிப்பம்’னு சொல்லிட்டாராம். அவங்க வீட்ல அப்படின்னா இல்லைன்னு அர்த்தமாம். யாரையாவது திருத்தினீங்களா?”

“ஒரு எழுத்தைக்கூடத் திருத்தலடா.”

அவன் நம்பவில்லை. வளர்த்த எனக்கு அது குரலிலேயே தெரிந்தது. வந்ததிலிருந்து நான் செய்த குற்றங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். தேநீருக்குக் கூடுதலாகச் சர்க்கரை கேட்டேன். சொதியைத் தேங்காய்ப்பால் ரசம் மாதிரி இருக்கிறது என்றேன். இதற்கெல்லாமா ஒரு கல்யாணம் நிற்கும்? பயமாக இருந்தது. பிள்ளை இருபத்தொன்பது வயதில் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறான், அதை நான் எப்படிக் கெடுத்தேன் என்றே தெரியாமல் கெடுத்துவிட்டேன்.

நாலாம் நாள் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போவதாக யோகநாதன் முன்பே சொல்லியிருந்தார். மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். சொன்ன சொல்லை விடாத மனிதர், ஒன்பது மணிக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பத்து நிமிஷம் போனால் பக்கத்து சீட்டுக்காரி ஜாதகம் வரை கேட்டுவிடுவாள். இங்கே ஒரு பெட்டி நிறைய மனிதர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுகூட அநாகரிகம் போல. அன்றைக்கு எனக்கு அது வசதியாக இருந்தது.

ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாற வேண்டும் என்று அவர் எழுந்தபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

“நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனாங்க?”

அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். “அதை இறங்கிக் கதைப்பம்” என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு மூடி, ரயில் எங்களோடு ஈலிங் பக்கம் கிளம்பிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாள், “இது விம்பிள்டன் போகாது, செல்லம். ஹாமர்ஸ்மித்தில் இறங்கித் திரும்பிப் போங்கள்,” என்றார். முன்பின் தெரியாத ஒருத்தி என்னைச் செல்லம் என்றது ஐம்பத்து நாலு வயதில் இதுதான் முதல் தடவை. வீட்டில் நடப்பதற்கு அந்த வார்த்தை கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

திரும்பினோம், காத்திருந்தோம், அந்தத் தடத்தில் ஏதோ சிக்னல் கோளாறு என்று இன்னும் காத்திருந்தோம். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியான நடை சாத்தியாகிவிட்டது. வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். “பிள்ளையாரும் யோசிக்கிறார் போலை,” என்றார் யோகநாதன். இறங்கிக் கதைப்போம் என்றதை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஈஸ்ட் ஹாமில் வந்து இறங்கியபோது எனக்குப் பசியில் காது அடைத்தது. ஹை ஸ்ட்ரீட்டில் நகைக்கடைக்கும் சேலைக்கடைக்கும் நடுவே தேனிப் பக்கத்துக்காரர் ஒருவர் நடத்தும் மெஸ். வாசலில் கரும்பலகை. யோகநாதன் அதன் முன்னால் நின்றுவிட்டார். அந்தத் தெருவிலேயே கடை வைத்திருப்பவர், ஆனால் வீட்டுச் சாப்பாட்டைத் தவிர எதையும் தொடாதவர், ஒருநாளும் அந்தப் பலகையை நின்று படித்ததில்லை போலிருக்கிறது.

“இதென்ன, ‘இன்றைய ஸ்பெஷல் போட்டி வறுவல்’. வறுக்கிற போட்டியோ?”

கல்லாவில் இருந்த தேனிக்காரர் எட்டிப் பார்த்தார். “குடல் சார். ஆட்டுக்குடல். எங்க ஊர்ல போட்டின்னுதான் சொல்வோம்.”

யோகநாதன் பலகையை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“ரீச்சர், முந்தநாள் ரெலிபோனிலை நீங்கள் கதைச்சது இந்தப் போட்டியோ?”

படியில் இருந்த தேநீர்க் கோப்பை அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதைக் கொண்டுவந்தவர் வதனி அக்கா இல்லை. நான் போனில் பேசியதை ஒரு யாழ்ப்பாணத்துக் காதோடு மறுபடி கேட்டுப் பார்த்தேன். பெருசா பேசுறாரு. நான் பாக்காத போட்டியா. எந்த மூலைக்கு. ஒரு கை பாத்துட்டுத்தான் வருவேன்.

“ஐயோ, சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் வருவேன்னு சொன்னேங்க. ஹாகிஸ்னா எங்க ஊர் போட்டி மாதிரின்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டிருந்தேன்.”

அவர் உள்ளே போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் நினைச்சன், நீங்கள் என்னோடை போட்டிக்கு நிக்கிறியள் எண்டு. கலியாணத்துக்கு முதலே ஒரு கை பாக்கிறன் எண்டு சொல்ற மனுசி, பிறகு என்ரை பிள்ளையை என்ன பாடு படுத்துவா எண்டு ரெண்டு இரவா நித்திரை இல்லை.” சொல்லச் சொல்ல அவருடைய மீசை நடுங்கியது. பிறகு சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் சிரித்தேன். தேனிக்காரர் எதற்கென்று தெரியாமலே சிரித்துக்கொண்டு இரண்டு தட்டுப் போட்டியும் தோசையும் கொண்டுவந்து வைத்தார்.

யோகநாதன் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டார். நல்லா இருக்கு என்றார். இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அந்த மிருகம் பொய் எண்டு உங்களுக்கு முதல் நாளே தெரியும் என்ன? விலங்கியல் படிப்பிக்கிறனீங்கள். பிள்ளைக்கு முன்னாலை என்னைக் குறைக்கக் கூடாதெண்டு பேசாமல் இருந்தனீங்கள் போலை.”

எவ்வளவு அழகான வழி. ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறிவாளி, பெருந்தன்மைக்காரி என்று இரண்டு பட்டமும் சேர்ந்தே கிடைக்கும். வாயைத் திறந்துகூட விட்டேன். அவர் தோசையைப் பிய்த்தபடி காத்திருந்தார். இந்த மனிதரிடம் பெண்ணைக் கேட்டு வந்துவிட்டு, முதல்முறை மனம்விட்டுப் பேசும்போதே பொய்யா என்று இருந்தது.

“இல்லைங்க. நம்பிட்டேன். தகவமைப்புன்னு எழுதி எங்க ஸ்கூல் குரூப்ல போட்டுட்டேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க ஒரு காலை மடக்கிக்கிட்டு கொடிக்கம்பத்தைச் சுத்தி ஓடியிருக்காங்க. நேத்து அந்தப் பொட்டலத்தைப் பாத்துத்தான்… இல்ல, முந்தாநாள்தான் எனக்கே தெரியும்.”

என் காது சூடானது. மாணவர்கள் முன்னால்கூட நான் தெரியாது என்று சொன்னதில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்வேன்.

யோகநாதன் சிரிக்கவில்லை. கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“நானும் நம்பினனான்,” என்றார். “கிளாஸ்கோவிலை ஒரு ரெஸ்டோரண்ட் குசினியிலை கோப்பை கழுவினனான். இருபத்திநாலு வயசு. இங்கிலிசு வராது. அங்கை வேலை செய்த ஆக்கள் சொன்னவங்கள், மலையைச் சுத்தி எதிர்ப்பக்கத்தாலை ஓடு, அது தடுமாறி உருளும், சாக்கை விரிச்சுப் பிடி எண்டு. ஒண்டு பிடிச்சா நல்ல விலையெண்டும் சொன்னவங்கள். லீவு நாளிலை பஸ் எடுத்துப் போனன். மழை. மூண்டு மணித்தியாலம் அந்த மலையைச் சுத்தினனான். அடுத்த நாள் வேலைக்குப் போனா, குசினியிலை ஒவ்வொருத்தரும் ஒரு சாக்கைப் பிடிச்சுக்கொண்டு வரிசையா நிண்டவங்கள்.”

எனக்கும் சிரிப்பு வரவில்லை. நனைந்த சாக்கோடு மலையைச் சுற்றும் ஒரு பையனை நினைத்தால் அவனுக்குச் செந்திலின் வயதுகூட இல்லை.

“அதுக்குப் பிறகு நானே மற்ற ஆக்களுக்குச் சொல்லத் துவங்கினன். சொல்றவன்தான் ஏமாந்தவன் எண்டு ஒருத்தரும் நினைக்கமாட்டினம். வதனிக்கும் பிள்ளைக்கும் இது என்ரை பகிடி. நான் சாக்கு கொண்டு போனது ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குத்தான் தெரியும்.”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க,” என்றேன்.

“சொல்லலாம். இனிப் பரவாயில்லை.” மிச்சத் தோசையை ஒரு பக்கம் ஒதுக்கினார். “எங்கடை வீட்டிலை பிழை விட்டா ஒருத்தரும் ஒத்துக்கொள்ளமாட்டம். என்னிலை இருந்து வந்த பழக்கம். பிள்ளையும் அப்பிடித்தான். அவள் போற வீட்டிலையாவது…”

அதோடு எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்து மேசையில் வைத்துப் பேசினார். மறுபக்கம் வதனி அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

“வதனி, சம்மந்தி இஞ்சை என்னோடை சாப்பாட்டுக் கடையிலை சாப்பிடுறா. மத்தியானத்துக்கு எங்களுக்கு வைக்காதை.”

“ஆர் சாப்பிடுறது?”

“சம்மந்தி எண்டு சொன்னனான். எங்கடை ரீச்சர். பெடியனைப் பின்னேரம் வீட்டை வரச் சொல்லு.”

வதனி அக்கா அப்போது கீழே கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை வாயிலிருந்து எடுக்காமலே, “தர்ஷினி, கீழை வா பிள்ளை,” என்று கூப்பிட்டார். தர்ஷினி முந்தின இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுத்திருந்தவள். ஒரு கதவு திறந்தது, மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஓடி இறங்குவது போனுக்குள் கேட்டது.

“மெல்ல வரச் சொல்லு,” என்றார் யோகநாதன். “படியிலை விழுந்திடுவாள்.”